மீன் காப்பாற்றிய பர்கர் கடை

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள்.

இன்று மெக்டொனால்ட்ஸ் கம்பெனியின் கதையை எழுதப்போகிறேன். தோணிரேவில் உட்கார்ந்துகொண்டு வாத்தியாருக்கு எதற்குப் பர்கர் கதை என்று சிரிக்காதீர்கள். அந்தக் கம்பெனியின் வரலாற்றில் ஒரு முக்கியமான கட்டத்தில் மீன் வருகிறது. இன்னொரு முக்கியமான கட்டத்தில் நாம் வருகிறோம். இரண்டையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பெயர். ஹாம்பர்கர் என்றதும் அதில் 'ஹாம்', அதாவது பன்றி இறைச்சி, இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹாம்பர்க் என்பது ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுகம். அந்த ஊர்ப் பெயர்தான் கொத்திய மாட்டிறைச்சிக்கு ஒட்டிக்கொண்டு, அமெரிக்காவில் பன்னுக்கு நடுவே வைத்த பண்டத்தின் பெயராக ஆனது. துறைமுகத்தின் பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதா என்ன? மலேசியாவில் இருக்கும் நம் உறவுகளைக் கேளுங்கள். கட்டம் போட்ட கைலிக்கு மலாய்க்காரர்கள் 'கைன் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான்.

சரி, கடைக்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பெர்னார்டினோ என்ற ஊர். அங்கே ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் 1940-இல் ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்கினார்கள். காரில் வருகிறவர்களுக்குக் காருக்கே தட்டு கொண்டுபோய்க் கொடுக்கும் கடை. வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனாலும் 1948-இல் கடையை மூன்று மாதம் மூடினார்கள். எந்தப் பண்டம் அதிகம் விற்கிறது என்று கணக்கைப் புரட்டினால், பெரும்பகுதி ஹாம்பர்கர்தான். மற்றவற்றையெல்லாம் தூக்கிவிட்டு ஒன்பது பண்டங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காருக்குப் பரிமாறிய பெண்களை நிறுத்தினார்கள். பீங்கான் தட்டு போய்க் காகிதம் வந்தது. வாங்குகிறவரே ஜன்னலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பர்கர் 15 சென்ட். அன்றைய மற்ற கடைகளில் கொடுத்ததில் ஏறக்குறையப் பாதி விலை.

சமையலறையில் ஒருவர் வாட்டுவார், ஒருவர் பன்னில் சாஸ் தடவுவார், ஒருவர் சுற்றுவார். யாரும் யாரையும் இடித்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அதற்காக ஒரு டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் அடுப்பு, மேசை எல்லாம் வரைந்து, வேலையாட்களை நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்திய எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

1954-இல் அந்தக் கடைக்கு ரே கிராக் என்ற விற்பனையாளர் வந்தார். வயது 52. மில்க்‌ஷேக் அடிக்கும் இயந்திரம் விற்பது அவர் தொழில். ஒரு இயந்திரம் ஒரே நேரத்தில் ஐந்து டம்ளர் அடிக்கும். ஒரு சின்னக் கடை எட்டு இயந்திரம் வாங்கியிருக்கிறதே, அப்படி என்ன கூட்டம் என்று பார்க்கத்தான் வந்தார். வந்தவர் அசந்துபோனார். அவர்களிடம் உரிமை பெற்று 1955 ஏப்ரல் 15 அன்று சிகாகோ அருகே டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்தார். 1961-இல் சகோதரர்களுக்கு 27 லட்சம் டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிவிட்டார். அதன்பின் அந்தச் சகோதரர்கள் தங்கள் பழைய கடையில் தங்கள் சொந்தப் பெயரையே போட முடியவில்லை. பலகையை மாற்றினார்கள். கிராக் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் திறந்து அந்தக் கடையையும் மூடவைத்தார். வியாபார வரலாற்றில் புகழ்ந்து சொல்லப்படும் மனிதர்களின் இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.

இன்னொரு விவரம். பர்கரில் வருவதைவிட நிலத்தில் வருவது பெரிது என்று கிராக்கின் கூட்டாளி ஹாரி சன்னபோர்ன் கண்டுபிடித்தார். கம்பெனி இடத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, கடை நடத்துகிறவருக்கு வாடகைக்கு விட வேண்டும். சொன்னபடி செய்யாதவருக்கு இடம் இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே ருசி, ஒரே சுத்தம் வந்ததற்கு இந்தப் பிடியும் ஒரு காரணம். நம் ஏரியில் 'பாடு' முறையில் இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று ஊர் கூடி முறை வைப்பதை நீங்கள் அறிவீர்கள். இடம் யார் கையில் என்பதே பாதிப் பிழைப்பு என்று நம் பெரியவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் அதை ஊர் கையில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது மீன்.

ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி என்ற நகரம். அங்கே லூ க்ரோன் என்பவர் மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றை எடுத்து நடத்தினார். சுற்றிலும் கத்தோலிக்கர்கள். அன்றைக்கு அவர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள். பர்கர் மட்டுமே விற்கிற கடைக்கு வெள்ளிக்கிழமை என்ன வியாபாரம் இருக்கும்? நாள் முழுதும் விற்று 75 டாலர் தேறினால் பெரிது. பக்கத்தில் இருந்த போட்டிக் கடையில் வெள்ளிக்கிழமையானால் மீன் விற்றது. க்ரோன் தானே மாவு தோய்த்துப் பொரித்து ஒரு மீன் பர்கர் செய்து தலைமையகத்துக்கு எடுத்துப் போனார்.

கிராக்குக்கு அது பிடிக்கவில்லை. கடையெல்லாம் மீன் வாடை அடிக்கும் என்றார். அவர் கையில் வேறொரு யோசனை இருந்தது: பன்னுக்கு நடுவே வாட்டிய அன்னாசித் துண்டும் சீஸும். பெயர் ஹூலா பர்கர். சரி, இரண்டையும் ஒரு வெள்ளிக்கிழமை விற்றுப் பார்ப்போம், எது அதிகம் விற்கிறதோ அது நிற்கட்டும் என்று முடிவானது. 1962-இல் பெரிய வெள்ளியன்று பந்தயம் நடந்தது. மீன் 350 விற்றது. கிராக்கின் அன்னாசி ஆறு விற்றது.

இப்படி வந்ததுதான் ஃபிலே-ஓ-ஃபிஷ். 1965-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. 1966-இல் அமெரிக்க ஆயர்கள் வெள்ளிக்கிழமைக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகும் அது நின்றுவிடவில்லை. இன்றும் தவக்காலத்தில் அதன் விற்பனை ஏறுகிறது. தன் கடையை மீன்தான் காப்பாற்றியது என்று க்ரோன் பின்னாளில் சொல்லி வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கம்பெனியின் முதலாளிக்குத் தெரியாத ஒன்று, தெருவில் நின்று விற்றவருக்குத் தெரிந்திருந்தது. இந்த அறிவு நம் வீட்டுப் பெண்களிடம் எப்போதும் உண்டு. புரட்டாசி பிறந்தால் மீன் விலை இறங்கும். அமாவாசை, கிருத்திகை என்றால் கூடை கனமாகவே திரும்பும். தவக்காலத்தில் எந்தத் தெருவில் மீன் போகும், எந்தத் தெருவில் போகாது என்று தலைச்சுமையாக விற்ற நம் பாட்டிமார்களுக்கு மனப்பாடம். அமெரிக்காவில் அதையே 'மார்க்கெட் ரிசர்ச்' என்று கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இனி நாம் வரும் கட்டம்.

இந்தியாவுக்கு வர வேண்டும் என்று மெக்டொனால்ட்ஸ் 1990 வாக்கிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. முதல் கடை திறக்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின. அப்போது நாட்டில் பர்கரே இல்லை என்று நினைக்க வேண்டாம். தில்லியில் நிருலாஸ் 1970-களிலேயே விற்றது. அயல்நாட்டுக் கடைகளுக்கு எதிர்ப்பும் இருந்தது. 1995-இல் பெங்களூரில் திறந்த கே.எஃப்.சி. கடையைக் கர்நாடக விவசாயிகள் சங்கத்தினர் 1996 ஜனவரியில் தாக்கினார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் மெக்டொனால்ட்ஸ் வந்தது. வடக்குக்கு விக்ரம் பக்‌ஷி, மேற்குக்கு அமித் ஜாட்டியா என்று உள்நாட்டுக் கூட்டாளிகளைப் பிடித்தது. தெற்கும் பின்னர் ஜாட்டியா பக்கம் வந்தது. இந்த ஜாட்டியா சைவக் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டிறைச்சியில் வளர்ந்த கம்பெனிக்கு இந்தியாவில் ஒரு சைவர் கூட்டாளி!

1996 அக்டோபர் 13 அன்று தில்லி வசந்த் விகாரில் முதல் கடை திறந்தது. அதே மாதம் மும்பை பாந்த்ராவிலும் திறந்தார்கள். உலகத்தில் மாட்டிறைச்சி விற்காத முதல் மெக்டொனால்ட்ஸ் அதுதான். பன்றி இறைச்சியும் இல்லை. உலகமெங்கும் புகழ்பெற்ற பிக் மேக்குக்குப் பதிலாக ஆட்டுக்கறியில் மகாராஜா மேக் செய்தார்கள். பிறகு அது கோழிக்கறி ஆனது. சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையலறையில் தனித்தனி இடம், தனித்தனிப் பாத்திரம், தனித்தனி ஆட்கள். மயோனைஸில் முட்டை போடவில்லை. நம்பாதவர்களைச் சமையலறைக்குள் வந்து பாருங்கள் என்று அழைத்துக் காட்டினார்கள். வடநாட்டுத் தள்ளுவண்டியில் விற்ற ஆலு டிக்கியைப் பன்னுக்கு நடுவே வைத்து மெக்ஆலு டிக்கி ஆக்கினார்கள். அதுதான் இங்கே பெரிய விற்பனை. அதாவது ஹாம்பர்கர் விற்று உலகம் சுற்றிய கம்பெனி, நம் நாட்டில் உருளைக்கிழங்கு மசித்த வடையை விற்றுத்தான் காலூன்றியது.

வாங்குகிறவனுக்காக விற்கிறவன் பொருளை மாற்றுவதும் நம் கரைக்குப் புதிதல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். நீங்கள் ஏழாம் வகுப்பில் என்னோடு நடந்துவந்து பார்த்தீர்களே, அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து மேடுதான். இங்கிருந்து அவர்கள் ஏற்றியது துணி. ஜாவாவில் ஒரு நிறம் போகும், வேறு தீவில் வேறு கரை போகும். மாதிரித் துணியை அனுப்பி, இதேபோல் நெய்து சாயம் போடுங்கள் என்று இங்குள்ள நெசவாளரிடமும் சாயக்காரரிடமும் கேட்டார்கள். நம்மவர்கள் முன்பின் பார்க்காத தீவுக்காரர்களின் கண்ணுக்கு ஏற்றபடி நெய்து கொடுத்தார்கள். மிளகும் கிராம்பும் வாங்க அந்தத் துணிதான் காசு. அந்தத் தொழில் இன்று இங்கே இல்லை. பெயர் மட்டும் மலாய்க்காரர்களின் கைலியில் நிற்கிறது.

ருசியை மாற்றுவதோடு வேலை முடியவில்லை. பர்கரில் வைக்கும் ஐஸ்பெர்க் லெட்டூஸ் கீரை, நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் கிடைக்கவில்லை. புனே பக்கத்திலும் நம் ஊட்டியிலும் விவசாயிகளைப் பிடித்து விளைய வைத்தார்கள். வயலிலிருந்து கடைவரை குளிர்ச்சி குறையாமல் கொண்டுவர லாரியும் கிடங்கும் அமைத்தார்கள். உருளைக்கிழங்கு இன்னும் கஷ்டம். நம் கிழங்கில் தண்ணீரும் சர்க்கரையும் அதிகம். பொரித்தால் கறுக்கும், நமத்துப்போகும். முதலில் ஃபிரைஸை வெளிநாட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். பிறகு மெக்கெய்ன் கம்பெனி குஜராத்தின் மேசானாவில் தொழிற்சாலை வைத்து, விவசாயிகளுக்கு ஷெப்போடி போன்ற நீளக் கிழங்கு ரகங்களைக் கொடுத்து, முன்பே விலை பேசி வாங்கியது.

முன்பே விலை பேசி என்ற மூன்று சொல்லை நம் பிள்ளைகள் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நம் ஏரியில் இறாலும் பச்சை நண்டும் பிடிக்கிறவர், வலை கிழிந்தபோது வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். பிடித்ததை அவருக்கே கொடுக்க வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான். ஐஸ் இல்லாததால் நாளைவரை வைத்திருக்கவும் முடியாது. நம்முடைய நண்டு மட்டமானது என்பதால் விலை குறையவில்லை. காத்திருக்க வழி இல்லாததால் குறைகிறது. அந்தக் கம்பெனியிடம் இருந்து கற்க வேண்டியது பன்னும் சாஸும் இல்லை. இந்தக் குளிர்பெட்டிக் கணக்கைத்தான்.

கதையில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் முன்பு மாட்டுக் கொழுப்பில் ஃபிரைஸ் பொரித்தது. 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று அறிவித்தது. சைவர்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். ஆனால் ருசிக்காக மாட்டிறைச்சிச் சாறு சேர்ப்பது நிற்கவில்லை. அது 'இயற்கைச் சுவையூட்டி' என்ற பொதுப்பெயருக்குள் ஒளிந்திருந்தது. 2001-இல் சியாட்டிலில் ஓர் இந்திய வழக்கறிஞர் வழக்குப் போட்டார். செய்தி இங்கே வந்ததும் மும்பைப் பகுதியில் கடைமீது தாக்குதல் நடந்தது. இந்தியாவில் அப்படிச் சேர்ப்பதில்லை என்று கம்பெனி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2002-இல் அமெரிக்காவில் மன்னிப்புக் கேட்டு, இந்துக்கள், சைவ உணவினர் உள்ளிட்ட அமைப்புகளுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கல்லெறிந்தவர்களால் வந்த முடிவு இல்லை இது. "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று எழுதிக் கேட்டவர்களால் வந்தது. வகுப்பில் கேள்வி கேளுங்கள், கேளுங்கள் என்று நான் உங்களை நச்சரித்ததற்கு இதுவும் ஓர் உதாரணம்.

விலையிலும் அவர்கள் வாங்குகிறவர்களிடம் பாடம் கற்றார்கள். முதலில் பணக்காரர் கடை என்று நம் நடுத்தரக் குடும்பங்கள் வாசலோடு போய்விட்டன. 2004-இல் 20 ரூபாய்க்குப் பர்கர் என்று இறக்கினார்கள். அப்பா காலத்து விலை என்று தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது. இருபது ரூபாய்க்கு உள்ளே போகிறவர், குளிர்பானமும் ஃபிரைஸும் சேர்த்து வாங்கிக்கொண்டு வெளியே வருவார். அதுதான் கணக்கு.

இங்கேதான் பெற்றோர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். நம்மை நன்றாகப் படித்தவர், நம் பலவீனத்தையும் படித்திருப்பார். அந்தக் கம்பெனியின் கோமாளி 1963-இலேயே தொலைக்காட்சிக்கு வந்துவிட்டான். பொம்மையோடு சேர்த்து விற்கும் ஹாப்பி மீல் 1979-இல் வந்தது. இரண்டும் குறிவைத்தது காசு கொடுக்கும் அப்பாவை இல்லை, அடம் பிடிக்கும் பிள்ளையை. உப்பும் கொழுப்பும் அதிகமான சாப்பாட்டோடு பொம்மை கொடுக்கக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் 2010-இல் சட்டமே போட்டது. நம் நாட்டிலும் 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், அப்படிப்பட்ட பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. விதி இருக்கிறது. பள்ளி வாசலைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். எப்போதாவது பிறந்தநாளுக்கு ஒரு பர்கர் சாப்பிட்டால் குடி முழுகாது. அது வாரச் சாப்பாடாக ஆகும்போதுதான் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் சொல்கிறேன். பொன்னேரிக்கும் சென்னைக்கும் கல்லூரி போகும் நம் பிள்ளைகள் சிலர், மதியச் சாப்பாட்டு டப்பாவில் மீன் குழம்பு வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்கிறார்கள். வாடை அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார் என்று பயம். அதே பிள்ளைகள் பர்கர் கடையில் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். படம் எடுத்துப் போடுவதில் எனக்கு வருத்தம் இல்லை. டப்பாவை மூடுவதில்தான் வருத்தம். மீன் வாடை என்று கிராக்கும் முகம் சுளித்தார். 350-க்கு ஆறு என்று தோற்றார். மாட்டிறைச்சிக் கம்பெனி நம் வீட்டு அடுப்புக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தது. நம் நாக்குக்கு அவர்கள் கொடுத்த மரியாதையை நாம் கொடுக்க வேண்டாமா?

சனி, ஞாயிறுகளில் ஏரியும் பூநாரையும் பார்க்க வரும் கூட்டத்தை நம்பிப் பழவேற்காட்டில் பர்கர் கடை போடலாமா என்று மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். போடலாம் தம்பி. ஆனால் அவர்கள் சென்னையில் தினம் பார்க்கிற பண்டத்தை இங்கே வந்தும் ஏன் வாங்க வேண்டும்? நல்ல கொடுவாவை முள் எடுத்து, உங்கள் அம்மா அரைக்கும் மசாலாவில் பொரித்துப் பன்னில் வைத்துக் கொடுங்கள். நண்டு ரசத்தை டம்ளரில் கொடுங்கள். விலையைப் பலகையில் எழுதுங்கள். ஆள் பார்த்து விலை சொல்லாதீர்கள். இன்றைக்குக் கொடுத்த அளவை நாளைக்கும் கொடுங்கள். ஐஸுக்கும் சுத்தமான தண்ணீருக்கும் செய்யும் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். எண்ணெயைக் கறுக்கவிடாதீர்கள். குப்பையை ஏரியில் கொட்டாதீர்கள். புரட்டாசிக்கு என்ன விற்பது என்று ஆவணியிலேயே யோசித்துவிடுங்கள். உங்கள் பாட்டியை ஒரு நாள் கடையில் உட்காரவைத்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். எவர் என்ன கேட்பார் என்று சாயங்காலம் அவரே சொல்லிவிடுவார்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் மீன் விற்ற பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், எந்த மாதம் எந்த மீனுக்கு எந்த ஊரில் விலை இருந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.